மூணாவது கேள்வி

சொந்த ஊரா? என் சொந்த ஊர் எதுன்னா கேட்டீங்க?

காது நல்லாத்தான் கேக்குது தம்பி, முதல் தடவையே விழுந்துச்சு. உங்க மேல தப்பில்ல. பஸ்ல பக்கத்துல ஆள் உக்காந்தா, டிக்கெட் எடுக்கிறதுக்கு முந்தி நாம கேக்குறது அதுதானே. காரைக்குடியில ஏறுனா தேவகோட்டை வர்றதுக்குள்ள ஊரு, பேரு, பிள்ளைங்க எத்தனை, மூத்தவனுக்கு வேலை கிடைச்சிருச்சா, எல்லாத்தையும் கேட்டு முடிச்சிருவோம். நல்ல சனம். ஆனா எங்கிட்ட அத மட்டும் கேக்கக் கூடாது. கேட்டா இறங்குற வரைக்கும் வாய மூட மாட்டேன். கண்டக்டர வேணா கேட்டுப் பாருங்க.

நீங்க சன்னலோரமே உக்காருங்க. இல்லல்ல, எனக்கு இந்தப் பக்கம் போதும். ஓலைக்குடி ஸ்டாப்பு அந்தப் பக்கம்தான் வரும். அத அப்புறம் சொல்றேன்.

பேரு தெய்வநாயகம். பத்திர ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதுறேன், முப்பது வருஷமா. நான் எழுதுன பத்திரத்துல அடித்தல் திருத்தல் பாக்க முடியாது. பார்ட்டி என்ன சொன்னாரோ அது, ஒரு எழுத்து கூடாது, ஒரு எழுத்து குறையாது. சொன்னதச் சொன்னபடி எழுதுறவன்னு எனக்குப் பேரு. இத எதுக்குச் சொல்றேன்னா, நான் சொல்லப் போறதக் கேட்டுட்டு நாளைக்கு நீங்க எங்கயாச்சும், அந்த ஆள் ஏமாத்துக்காரன்னு சொல்லிறக் கூடாது பாருங்க.

நான் பிறந்தது பர்மாவுல. ஐராவதி ஆத்தோரம் ஷ்வேகோன்னு ஒரு ஊரு. ஒரு அரிசி மில்லு, ஒரு படகுத்துறை, ஒரு புத்தர் கோயிலு, நம்மாளுக கட்டுன மாரியம்மன் கோயிலு, அவ்வளவுதான் ஊரு. மில்லுக்குப் பின்னால வரிசையா பலகை வீடு. அதுல நாலாவது வீட்டுல எங்கக்கா செங்கமலம் பிறந்தா. நாலு வருஷம் கழிச்சு அதே வீட்டுல நான். ரெண்டு பேருக்கும் கொடி அறுத்தது டோ சீன்னு ஒரு பர்மிய மருத்துவச்சி.

எங்கப்பாதான் ஓலைக்குடிக்காரரு. பதினஞ்சு வயசுல கப்பலேறுனவரு, திரும்பி வரவே இல்ல. ஆனா தினமும் சோத்துத் தட்டுல நாங்க கை வைக்கிறதுக்கு முந்தி கேப்பாரு, "சொந்த ஊர் எது?" நாங்க ஒரே குரல்ல சொல்லணும், "ராமநாதபுரம் ஜில்லா, திருவாடானை தாலுகா, ஓலைக்குடி கிராமம்." சொன்னாத்தான் சோறு. பிள்ளைங்க பர்மாக்காரனாவே ஆயிருவாங்களோன்னு அவருக்குப் பயம். ஷ்வேகோன்ல எல்லா வீட்டுலயும் இந்தக் கதைதான். பக்கத்து வீட்டுல சாயல்குடி, எதுத்த வீட்டுல பரமக்குடி. எவனும் கண்ணால பாத்ததில்ல, எல்லாவனுக்கும் மனப்பாடம். எங்கக்கா எனக்கு முந்தி சொல்லிருவா. எதையுமே அவ முந்திக்கிட்டுத்தான் சொல்லுவா. அதுதான் வினையாப் போச்சு.

அம்மா நான் கைப்பிள்ளையா இருக்கையிலயே போயிட்டாங்க. அப்பாவும் போனப்ப அக்காவுக்குப் பதினாறு. அவ மில்லுல தவிடு புடைச்சு என்னைப் பத்தாவது வரைக்கும் படிக்க வெச்சா. அவளுக்கு அ-னா எழுதத் தெரியாது. தமிழும் தெரியாது, பர்மாவும் தெரியாது, எழுத்தச் சொல்றேன். பேச்சுன்னா ரெண்டும் வெளுத்து வாங்குவா. என் நோட்ட எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, "இதுல என்னடா எழுதியிருக்கு, வாசி"ம்பா. நான் வாசிப்பேன். நான் என்ன வாசிச்சாலும் நம்புவா.

அப்புறம் கோ மியா லேயக் கட்டிக்கிட்டா. பர்மாக்காரரு, ஆத்துல லாஞ்சு ஓட்டுறவரு. நம்ம சனம் நாலு நாள் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு, அஞ்சாம் நாள் அவரு லாஞ்சுலயே ஏறிப் போச்சு. தங்கமான மனுசன். அக்கா வெக்கிற ரசத்த டம்ளர்ல ஊத்திக் குடிச்சிட்டு, கண்ணுல தண்ணி வர, இன்னொரு டம்ளர் கேப்பாரு. ஒரு பொம்பளப் பிள்ளை. நீலான்னு பேரு. அது ரெண்டு பாஷைக்கும் பொதுவான பேரு தம்பி. பர்மாவுலயும் நீலான்னா நீலக்கல்லு. அக்கா தேடித் தேடி வெச்சா, எந்தப் பக்கம் கூப்பிட்டாலும் பிள்ளை திரும்பிப் பாக்கணும்னு.

பட்டாளத்துக்காரன் ஆட்சி வந்துச்சு. முதல்ல கடைங்கள எடுத்தான். காலையில கடை திறக்கப் போன நம்மாளு, வாசல்ல சிப்பாய் நிக்கிறதப் பாத்துட்டுச் சாவியக் குடுத்துட்டு வந்தான். மில்ல எடுத்தான். பள்ளிக்கூடத்துல நம்ம பாஷைய நிறுத்துனான். எதுத்து யாராச்சும் பேசுனா மறுநாள் அந்த ஆளு இருக்க மாட்டான், எங்கன்னு அவன் பொண்டாட்டியும் கேக்க மாட்டா. எங்களக் கலான்னுதான் கூப்பிடுவாங்க. வந்தேறின்னு வெச்சுக்குங்களேன். அதுக்கு முன்னாலயும் கூப்பிட்டாங்கதான், அப்பல்லாம் சிரிச்சுக்கிட்டே கூப்பிட்டாங்க.

அறுபத்தி நாலுல ஒரு உத்தரவு. ஊர்ல இருக்கிற கலா, சீனாக்காரன் எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வந்து பதிஞ்சுக்கணும். ஒரு கேப்டன் வந்தான். சின்ன வயசு, என்னைவிட ரெண்டு வயசு கூட இருந்தா அதிகம். கத்த மாட்டான், மரியாதையாப் பேசுவான். அவனுக்கு ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆளு வேணும். நான் மில்லுல குமாஸ்தா, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். கூப்பிட்டான். வேலை ஒழுங்கா முடிஞ்சா நிரந்தரமாப் போட்டுத் தர்றேன்னான். அந்தக் காலத்துல நம்மாளுக்கு அவன் ஆபீஸ்ல நாற்காலின்னா சும்மாவா?

முதல் நாள் காலையில அஞ்சு கேள்வியச் சொன்னான். பேரு, அப்பா பேரு, எங்க பிறந்தே, என்ன வேலை, எழுதப் படிக்கத் தெரியுமா. ஒரு தடவதான் சொன்னான். அதுக்கப்புறம் பென்சில மேசையில தட்டுவான், நான் அடுத்த கேள்வியக் கேக்கணும். எல்லாரையும் அவங்கவங்க பாஷையிலதான் கேக்கணும், பின்னால புரியலைன்னு எவனும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. அதனால கேப்டன் வாயிலருந்து அந்தக் கேள்விய யாருமே கேக்கல. என் வாயிலருந்து மட்டும்தான் கேட்டாங்க.

மூணாவது கேள்வி பர்மாவுல, "பேமா ம்வேலெ". எங்க பிறந்தேன்னு அர்த்தம். சரி, நீங்களே சொல்லுங்க, ஒரு தமிழன்கிட்டப் போய் "நீ எங்க பிறந்தே"ன்னு கேக்க முடியுமா? என்னய்யா, ஜாதகமா எழுதப் போறேன்னு கேப்பான். நாம எப்படிக் கேப்போம்? சொந்த ஊர் எதுன்னுதான். நான் அப்படித்தான் கேட்டேன். நல்ல தமிழ். இன்னைக்கு வரைக்கும் சொல்றேன், அதுல ஒரு தப்பும் இல்ல. சொந்த ஊருன்னா என்ன, பிறந்த ஊருன்னா என்ன, ரெண்டும் ஒண்ணுதானே?

முதல் ஆளு இருளப்பன்னு ஒரு மூட்டைத் தூக்கி. ஷ்வேகோன விட்டு அடுத்த ஊருக்குப் போனதில்ல. "சொந்த ஊர் எது"ன்னேன். அந்த ஆளு துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டான் தம்பி. நெஞ்சு நிமிந்துருச்சு. "முதுகுளத்தூர் தாலுகா, ஆப்பனூர்ப் பக்கம்"னான். குலசாமி பேரையும் சேத்துச் சொன்னான், அதையும் எழுதிக்கங்கன்னான். எல்லாரும் அப்படித்தான். ரெண்டு வருஷமா கலா கலான்னு கேட்டுக் கேட்டுக் கூனிப் போன சனம். அரசாங்க மேசையில ஒருத்தன் உக்காந்து, அய்யா உன் சொந்த ஊர் எதுன்னு கேக்குறான். ஒருத்தி அழுதுட்டா, இப்பவாச்சும் கேட்டீங்களேன்னு. வரிசையில நின்னவங்க எல்லாம் சட்டையச் சரி பண்ணிக்கிட்டாங்க.

நான் எழுதினேன். கேப்டன் வாங்கி இடது பக்கம் அடுக்கினான். சீனாக்காரன் ரெண்டு பேரு வந்தாங்க, அவங்களுக்கு வேற ஆளு கேட்டான். அந்தக் காகிதம் வலது பக்கம் போச்சு. இடதுன்னா என்ன, வலதுன்னா என்ன, அது எனக்கு எதுக்கு? அடுக்குறது அவன் வேலை, எழுதுறது என் வேலை.

என்னையும் பதியணும்ல. ரெண்டாம் நாள் காலையில, யாரும் வர்றதுக்கு முந்தி கேப்டனே பதிஞ்சான். அவன் தமிழ்ல கேக்க முடியுமா, பர்மாவுலயே கேட்டான். "பேமா ம்வேலெ"ன்னான். "ஷ்வேகோன்"னேன். வலது பக்கம் வெச்சான். அது ஒரு விஷயமே இல்ல, கதைக்கு வருவோம்.

இங்க பாருங்க, தேவகோட்டை வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா? வேணாமா. எனக்கும் வேணாம்.

அக்கா மூணாம் நாள் வந்தா. நீலாவ இடுப்புல வெச்சிருந்தா, நாலு வயசுப் பிள்ளைய. பச்சை லுங்கி, கன்னத்துல வட்டமா தனாக்கா, அது பர்மாவுல பூசுற மரப்பட்டைச் சாந்து, பாத்திருப்பீங்க. தலையில பூவு. தம்பி ஆபீசர் மேசைப் பக்கத்துல உக்காந்திருக்கான்ல, அதைப் பாக்க வர்றவ மாதிரிதான் வந்தா. பின்னால நின்னவங்ககிட்ட, "என் தம்பிதான்"ன்னு சொன்னா. எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் சொன்னா.

பேரு கேட்டேன். அப்பா பேரு கேட்டேன். கேப்டன் பென்சில் தட்டினான். நான், "சொந்த ஊர் எது"ன்னேன்.

அவ சிரிச்சா. சோத்துத் தட்டு ஞாபகம் வந்துருச்சு அவளுக்கு. பிள்ளைய இடுப்புல ஏத்தி வெச்சுக்கிட்டு, அப்பாகிட்டச் சொல்ற மாதிரியே பாட்டாச் சொன்னா. "ராமநாதபுரம் ஜில்லா, திருவாடானை தாலுகா, ஓலைக்குடி கிராமம்." நான் எழுதினேன்.

இப்ப நீங்க நினைக்கிறது எனக்குப் புரியுது. இடது கட்டு எதுன்னு அப்ப எனக்குத் தெரியுமான்னுதானே நினைக்கிறீங்க. மூஞ்சியிலயே எழுதியிருக்கு.

தெரியும். முந்தின நாள் மத்தியானமே தெரியும். கேப்டன் எனக்கு டீ வாங்கிக் குடுத்தான். கட்டத் தட்டிக்கிட்டே சொன்னான், "உன் ஆளுங்க ரொம்ப நேர்மையானவங்க. ஒருத்தர்கூட மறைக்கல. எல்லாரும் இந்தியாவுலதான் பிறந்தேன்னு தைரியமாச் சொல்றாங்க. எங்க வேலை சுளுவாப் போச்சு"ன்னான். என் கையில டீ. சூடா இருந்துச்சு. நான் என்ன சொல்லணும்கிறீங்க? ரெண்டு நாள் கேட்டது எல்லாம் தப்பு, இருநூத்திச் சொச்சம் காகிதத்தையும் கிழிச்சுப் போடுங்க, மறுபடி ஆரம்பிக்கலாம்னா? நான் டீயக் குடிச்சேன்.

சரி, அக்காவுக்கு மட்டுமாவது மாத்திக் கேட்டிருக்கலாமேங்கிறீங்க. அதுதான் தப்புங்கிறேன். அவளுக்குப் பின்னால நூறு பேரு நிக்கிறாங்க, காதத் தீட்டிக்கிட்டு. முன்னால போனவங்க அத்தன பேரையும் சொந்த ஊர் எதுன்னு கேட்டுட்டு, என் அக்காவ மட்டும் எங்க பிறந்தேன்னு கேட்டா, ஊரு என்ன சொல்லும்? அக்காவுக்கு ஒரு கேள்வி, ஊருக்கு ஒரு கேள்வியான்னு கேக்காதா? எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். நியாயம்னா நியாயம். அதுல நான் இன்னைக்கும் உறுதியாத்தான் இருக்கேன்.

இருக்கேன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ஒரு மாசம் கழிச்சுப் பள்ளிக்கூடச் சுவத்துல பட்டியல ஒட்டினான். அயல்நாட்டில் பிறந்தவர்கள், அறுபது நாளைக்குள்ள வெளியேறணும். நானூத்திப் பத்துப் பேரு. அதுல செங்கமலம். புருசன் பர்மாக்காரன், அதனால அவருக்குப் போக அனுமதி கிடையாது. பிள்ளை அப்பன் கணக்கு, அதுக்கும் கிடையாது. தாயி மட்டும் போகணும்.

சும்மா விடல தம்பி. மனு எழுதினேன். என் வாழ்நாள்ல அப்படி ஒரு மனு எழுதினதில்ல. பர்மாவுலயும் இங்கிலீஷ்லயும் எழுதினேன். என்ன எழுதினேன்னா, மேற்படி செங்கமலம் படிப்பறிவு இல்லாதவர், கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் தவறாகப் பதில் சொல்லிவிட்டார், கருணை கூர்ந்து... அந்த மாதிரி. அக்கா கைநாட்டு வெச்சா. வாசிச்சுக் காட்டச் சொன்னா, காட்டினேன். "தப்பாச் சொல்லிட்டேன்னு நல்லா அழுத்தி எழுதுடா, அப்பத்தான் இரக்கப்படுவாங்க"ன்னா.

கேப்டன் மனுவப் படிச்சான். என்னைப் பாத்தான். "கேள்விய நீ சரியாக் கேட்டியா?"ன்னான். கோவமா இல்ல, சாதாரணமாத்தான் கேட்டான். நான் "கேட்டேன்"னேன்.

கேட்டேன்தானே? கேக்கலியா?

"அவ வாயால சொன்னது, கூடப் பிறந்தவன் கையால எழுதினது. இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்"னான். மனுவத் திருப்பிக் குடுத்துட்டான். இன்னும் எங்கிட்டதான் இருக்கு. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல.

ரங்கூன் கப்பலுக்கு எங்க ஊர் ஆளுங்கள லாஞ்சுலதான் கொண்டு போனாங்க. யாரு லாஞ்சு? கோ மியா லே லாஞ்சு. சர்க்கார் உத்தரவு, ஓட்டித்தான் ஆகணும். பொண்டாட்டிய ஏத்திக்கிட்டு அவரே ஓட்டினாரு. நான் துறையில நீலாவத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னேன். பிள்ளை அழல. அவளுக்கு அது பழக்கம்தானே, அப்பா லாஞ்சுல அம்மா சந்தைக்குப் போவா, சாயங்காலம் வந்துருவா. கையக் கையக் காட்டிச்சு. அக்காவும் அழல, பிள்ளை பயந்துரும்னு சிரிச்சுக்கிட்டே போனா. லாஞ்சு வளைவுல திரும்புற வரைக்கும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்துச்சு. அஞ்சாம் நாள் லாஞ்சு திரும்பி வந்துச்சு. சத்தம் கேட்டதும் பிள்ளை ஓடிச்சு. அவரு மட்டும் இறங்கினாரு. பிள்ளை லாஞ்சுக்குள்ள ஏறி, எஞ்சின் ரூம்பு, சாக்குக்குக் கீழ, எல்லா இடத்துலயும் தேடிச்சு. அம்மா ஒளிஞ்சு விளையாடுறான்னு நினைச்சுக்கிச்சு.

அதுக்கப்புறம் கோ மியா லே எங்கூடப் பேசல. அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு எனக்குத் தெரியாது. நானும் கேக்கல.

எனக்கு நிரந்தர வேலையா? போட்டுக் குடுத்தான். மூணு வருஷம் நாற்காலியில உக்காந்தேன். நாலாவது வருஷம் புது ஆபீசர் வந்தான். என் காகிதத்துல ஷ்வேகோன்னுதான் இருக்கு, சுத்தமான காகிதம். அவன் காகிதத்தப் பாக்கல, என் மூஞ்சியப் பாத்தான். அவ்வளவுதான். நானும் கப்பலேறினேன்.

வந்து நேரா ஓலைக்குடிக்குப் போனேன். அக்கா அங்கதான் இருந்தா. அப்பாவோட பங்காளிங்க மாட்டுக் கொட்டாய் ஓரமா ஒரு இடம் விட்டிருந்தாங்க. முதல் நாள் அவ போய் இறங்கினப்ப, ஊருல கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "உனக்கு எந்த ஊரும்மா?" இன்னைக்கு வரைக்கும் அவளுக்கு அங்க பேரு பர்மாக்காரிதான். நாத்து நட்டா, களை எடுத்தா, அப்புறம் சத்துணவுக் கூடத்துல ஆயா வேலை. தனாக்காவுக்கு எங்க போறது, சந்தனத்த உரசிக் கன்னத்துல வட்டமாப் பூசிக்குவா. பைத்தியம்னாங்க. கேட்டுக்கிட்டா. வேற ஒருத்தருக்கும் கழுத்த நீட்டல. பள்ளிக்கூடத்துல நாலு வயசுப் பிள்ளை எதைப் பாத்தாலும் சோறு ரெண்டு கரண்டி கூடப் போடுவா.

என்னைக் கண்டதும் கட்டிக்கிட்டு அழுதா. "தெய்வு, நான் வாயத் திறந்து என் பிள்ளையத் தொலைச்சுட்டேன்டா. ஷ்வேகோன்னு ஒரு பொய்யச் சொல்லத் தெரியல எனக்கு. அப்பா சொல்லிக் குடுத்தத அப்படியே சொல்லிட்டேன்"னா. நான் சொன்னேன், "பரவாயில்லக்கா, யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க"ன்னு. முப்பது வருஷமா அத வெச்சு நான் அவள ஒரு நாள் குத்திக் காட்டினதில்ல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய்ப் பாப்பேன். அவ புலம்புவா, நான் ஆறுதல் சொல்லுவேன். அவ்வளவு ஆறுதல் சொல்லியிருக்கேன் தம்பி.

ஷ்வேகோன்னு சொன்னா அது பொய்யின்னே நினைச்சுக்கிட்டிருந்தா பாருங்க. உண்மையச் சொல்லாமப் போனோம்னு அவளுக்குத் தெரியவே தெரியாது.

போன தையில ரங்கூன்லருந்து பழனிக்கு வந்த ஒரு ஆளு, தேடிப் பிடிச்சு ஒரு லெட்டரக் குடுத்துட்டுப் போனாரு. நீலா எழுதினது. பிள்ளைக்கு இப்ப நாப்பது ஆகப் போகுது, பள்ளிக்கூடத்துல டீச்சரு. மூணு பக்கம், பர்மா எழுத்து. இங்க அத வாசிக்கத் தெரிஞ்சது யாரு? நான்தான். மறுபடியும் நான்தான்.

ஓலைக்குடிக்குக் கொண்டு போனேன். அக்கா லெட்டர மோந்து பாத்தா. மடியில வெச்சுக்கிட்டு, "வாசிடா"ன்னா. நான் தமிழ்ல சொல்லிக்கிட்டே போனேன். கோ மியா லே போன மழைக்காலத்துல காலமாயிட்டாரு, நீலாவுக்கு ஒரு மகன், வீட்டு வாசல்ல இன்னும் அந்தப் புளியமரம் இருக்கு. எல்லாம் சொன்னேன். ரெண்டாம் பக்கத்துல ஆறு வரிய மட்டும் விட்டுட்டேன். எல்லா வெள்ளிக்கிழமையும் வாசிக்கச் சொல்லுவா, எல்லா வெள்ளிக்கிழமையும் விட்டுருவேன். பத்து வாரத்துக்கு மேல ஓடிச்சு.

நாலு வாரத்துக்கு முந்தி, "தமிழ்ல வேணாம்டா, பர்மாவுலயே வாசி. என் பிள்ளை பேசுற மாதிரி கேக்கணும்"னா. நான் வேணாம்னேன். கண்ணாடி சரியில்லைன்னேன். அவ கெஞ்சினா. எங்கிட்ட அவ எதையும் கெஞ்சினதில்ல. வாசிச்சேன். அந்தப் பேச்ச வாய்விட்டுப் பேசி எத்தன வருஷமாச்சு, சுகமா இருந்துச்சு, வாய் தன்னால ஓடிச்சு. ரெண்டாம் பக்கம் வந்தது எனக்கே தெரியல.

அம்மாவ அங்க அமேம்பாங்க. பிள்ளை என்ன எழுதியிருந்தான்னா, "அமே, அப்பா சாகறதுக்கு முந்தி சொன்னாரு. ஆபீஸ்ல உங்ககிட்ட பேமா ம்வேலென்னு கேட்டாங்களாம், நீங்க கடலுக்கு அந்தப் பக்கம்னு சொன்னீங்களாம். அமே, நீங்க மில்லுக்குப் பின்னால நாலாவது வீட்டுல பிறந்தவங்க. உங்களுக்குக் கொடி அறுத்த டோ சீதான் எனக்கும் அறுத்தாங்க. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க? எங்கள விட்டுட்டுப் போகணும்னு அவ்வளவு ஆசையா இருந்துச்சா?"

வாசிச்சு முடிச்சுட்டுத்தான் நிமிந்து பாத்தேன். அக்கா அழல. என் கையப் பாத்தா. அப்புறம் மெதுவாக் கேட்டா, "தெய்வு, அன்னைக்கு மூணாவது கேள்வி என்னடா?"

நான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் மூணு வெள்ளிக்கிழமை. ஓலைக்குடிக்குத்தான் டிக்கெட் எடுப்பேன். அவ ஸ்டாப்புல குடையப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. நான் குனிஞ்சுக்குவேன், செருப்பு வாரச் சரி பண்ற மாதிரி. தொண்டி வரைக்கும் போய், அடுத்த பஸ்ல வேற வழியா காரைக்குடிக்கு வந்துருவேன். கண்டக்டர் இப்பல்லாம் ஓலைக்குடி வந்தா என்னைப் பாத்து ஒண்ணும் கேக்குறதில்ல.

தம்பி, நீங்க கொஞ்சம் இறங்கி அக்காகிட்டச் சொல்றீங்களா? ஒரு நிமிசம் பஸ்ஸ நிறுத்தி வெக்கச் சொல்றேன். வேற ஒண்ணுமில்ல, அந்தக் கேப்டன் கேட்டது எங்க பிறந்தேன்னுதான், அப்படின்னு மட்டும் சொல்லுங்க. சொந்த ஊருன்னு சொல்லிறாதீங்க. நான் சொல்றத மாத்தாம...

முடியாதுன்னு தலைய ஆட்டுறீங்க. சரிதான். அடுத்தவன் வாயில குடுத்துத்தான் இவ்வளவும் ஆச்சு.

அந்த வளைவு தாண்டுனா ஓலைக்குடி. நான் சொல்லிப் பாக்குறேன், சரியா வருதான்னு கேளுங்க. "அக்கா, அவன் கேட்டது சொந்த ஊர் இல்ல. எங்க பிறந்தேன்னு கேட்டான். நீ பொய் சொல்லல, தப்பாவும் சொல்லல. நான்தான்..."

பாத்தீங்களா. நாலு வாரமா இங்கதான் நின்னுபோகுது.

இருங்க, ஒண்ணு பண்ணுங்க. பஸ்ல ஏறினதும் எங்கிட்ட ஒண்ணு கேட்டீங்கள்ல. அத மாத்திக் கேளுங்க. எங்க பிறந்தீங்கன்னு கேளுங்க. சும்மா கேளுங்க தம்பி, எனக்காக.

ஷ்வேகோன்.

எவ்வளவு நேரமாச்சு? மூச்சு விடற நேரம்கூட ஆகல. அவளுக்கும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டுச் சொல்லிட்டு, வீட்டுக்குப் போயிருப்பா.

அதோ குடை தெரியுது. கண்டக்டர், நிப்பாட்டுங்க, நான் இறங்கணும்.